பள்ளத்தில் விழ மறுக்கும் முட்டை வண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிரியாணியில் பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை மழையில் பிறக்கிறது, மனவலியில் பிறக்கிறது என்கிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்த மதியச் சாப்பாட்டில், ஒரு கோழிக்காலில் பிறந்தது. அந்தக் காலும் என் தட்டில் இல்லை. என் தங்கை மகள் ஷெரின் தட்டில் இருந்தது.

நான் பசுமலையில் இருக்கும் ரிட்டயர்டு பூகோள வாத்தியார். ஷெரின் மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று எப்போது கேட்டாலும் "டேட்டா, மாமா" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். அன்றைக்குத்தான் கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கினாள். பால் வண்டி, மினி பஸ், பார்சல் வண்டி என்று கொஞ்சம் வண்டிகளில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். புதிதாக வரும் கார்களில் அது பிறவியிலேயே இருக்கிறதாம். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால், பெட்டி அந்தக் குலுங்கலை எந்த இடத்தில் என்ற விவரத்தோடு கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். குலுங்காத ரோட்டுக்குக் கம்ப்யூட்டர் பச்சை அடிக்கும், குலுங்குகிற ரோட்டுக்குச் சிவப்பு. எது சிவப்போ அதற்குத்தான் முதலில் தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? அப்படியானால் நம் பக்கத்திலேயே நல்ல ரோடு எது என்று கேட்டேன். அவள் சொன்ன பெயரைக் கேட்டு எனக்குப் புரையேறிவிட்டது. வாடிப்பட்டியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு ரோடு அது. எலெக்‌ஷன் டூட்டிக்காக ஒரு தடவை அதில் போயிருக்கிறேன். நான் திரும்பி வந்துவிட்டேன், என் இடுப்பு இன்னும் வரவில்லை.

"சத்தியமா மாமா. கரும்பச்சை," என்றாள் ஷெரின்.

காரணம் சொன்னாள். அந்த ரோட்டில் பெட்டி மாட்டிய வண்டி ஒன்றே ஒன்றுதான் போய் வருகிறது. அது முட்டை வண்டி.

(அவளுக்குத் தெரிந்தது வண்டி நம்பரும் முட்டையும்தான். இனி வரப்போகும் டிரைவர், அவன் பெண்டாட்டி, அவன் மாமியார் வீடு எல்லாம் என் சொந்தச் சரக்கு. யாராவது 'இது எங்க ஊர் அழகுபாண்டிதானே' என்று சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு அழகுபாண்டி இருப்பான்.)

2

முதல் ஆரம்பம்: "மதுரைக்கு வடமேற்கே, நாகமலை தன் நெடிய உடலைக் கிடத்தியிருக்கும் சமவெளியில், சராசரி மழையளவு குறைந்த செம்மண் பரப்பில்..."

[நிறுத்து. இது கதை இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பாடம். அடுத்து மண்வகைகளைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிவிடுவேன்.]

இரண்டாம் ஆரம்பம்: "வண்டி பள்ளத்தை நோக்கிப் போனது. பள்ளமும் வண்டியை நோக்கி..."

[பள்ளம் எப்படி வரும்? அடித்துவிடப் போனேன். என் மனைவி அற்புதமேரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே தாளைப் பிடுங்கிப் படித்தாள். நம் ஊர்ப் பள்ளம் வரும், இருக்கட்டும் என்றாள். நான் எழுதுவதையெல்லாம் அச்சுக்கு முன்னால் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். அச்சுக்குப் பின்னாலும் அவள் மட்டும்தான் என்று சந்தேகம் உண்டு.]

மூன்றாம் ஆரம்பம்: அழகுபாண்டி முட்டை வண்டி ஓட்டினான்.

இதுதான் சரி என்றாள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் சரி.

3

ஆக, அழகுபாண்டி முட்டை வண்டி ஓட்டினான். நாலு சக்கரத்தில் ஓடும் அந்தச் சின்ன லோடு வண்டியைக் குட்டியானை என்போமே, அதுதான். காலையில் வாடிப்பட்டிக் குடோனில் முட்டை அட்டைகளை அடுக்கு அடுக்காக ஏற்றுவான். பின்பக்கம் நிறைந்து, மிச்சம் வரும் அட்டைகளை முன்னால் பக்கத்துச் சீட்டில் வைத்துத் துண்டால் கட்டுவான். பிறகு அந்த ரோட்டில் இறங்கிக் கடை கடையாக இறக்கிக்கொண்டே கடைசி ஊர் வரை போவான். கடைசி ஊருக்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. அது அவன் மாமியார் ஊர். அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவன் ஓட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆட்டு மந்தை அவனை முந்திக்கொண்டு போகும். ஆனால் முட்டை உடையாது. ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது, நேற்று பெய்த மழையில் எது எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரியும். மூளைக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். மூளை பாட்டுக்கு எஃப்.எம். கேட்டுக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பள்ளத்துக்கு நடுவே ஒரு முழம் நல்ல தார் இருந்தால் அதில் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி, இன்னொரு பக்கத்தை வரப்பில் விட்டு, நோகாமல் போய்விடுவான்.

பெட்டிக்கு என்ன தெரியும்? குலுங்கவில்லை என்று தெரியும். ஆகவே ரோடு பிரமாதம். கம்ப்யூட்டர் பச்சை மேல் பச்சையாக அடித்துக்கொண்டிருந்தது.

[இங்கே ஒரு கட்டுரை எழுத ஆசை வந்தது: கெட்ட ரோட்டில் பழகிய மக்களால்தான் ரோடு கெட்டதாகவே தெரிவதில்லை, ஆகவே குடிமக்களின் திறமையே... அற்புதமேரி கொட்டாவி விட்டாள். விட்டுவிட்டேன்.]

4

கதை என்றால் யாருக்காவது ஏதாவது போக வேண்டும். அழகுபாண்டிக்குப் பெண்டாட்டி போய்விட்டாள்.

செத்துப்போகவில்லை. பதறாதீர்கள். முனீஸ்வரி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நடந்தது இதுதான். அவள் தாய்வீட்டு ஊரில் கோயில் பொங்கல் சாட்டியிருந்தார்கள். அவன் முட்டை வண்டியில் முன்னால் போக, அவள் பட்டுச்சேலை கட்டி, டி.வி.எஸ். வண்டியில், அம்மாவுக்கென்று ஓர் அட்டை முட்டையை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் ஒடித்து ஒடித்துப் போன லாவகத்துக்கு அவளால் ஒடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் சனம் பார்த்துக்கொண்டிருக்க, நேராகத் தண்ணீர் நின்ற பெரிய பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து, சேலையைப் பிழிந்து, மிச்ச தூரத்தை நடந்தே போய் அம்மா வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: இந்த ரோட்டைப் போட்டாத்தான் நான் திரும்பி வருவேன்.

சொன்னது சொன்னதுதான். அழகுபாண்டி தினமும் அந்த வீட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கு முட்டை இறக்குகிறான். அவள் வாசலில் நிற்பாள். அவன் பார்ப்பான். ரோடு பற்றி ஏதாவது தகவல் சொல்வான், மனு கொடுத்திருக்கிறேன், கவுன்சிலரைப் பார்த்தேன் என்று. அவள் உள்ளே போய்விடுவாள். அவன் வீட்டுக்குத் திரும்பி, தனியாக, அவித்த முட்டை, பொரித்த முட்டை, கலக்கிய முட்டை என்று சாப்பிட்டுப் படுப்பான். வேறு சமைக்கத் தெரியாது. ஆள் இளைத்துவிட்டான், எழுதுகிற எனக்கே பாவமாக இருக்கிறது.

அற்புதமேரி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். இந்தப் பிள்ளையை நம்ப முடியவில்லை என்றாள். பள்ளத்தில் விழுந்ததற்கு எந்தப் பொம்பளையும் புருஷனை விட்டுப் போகமாட்டாள், அப்படிப் போவதானால் நம் மாவட்டத்தில் ஒரு வீட்டிலும் உலை கொதிக்காது, வேறு என்னவோ நடந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை என்றாள்.

படைத்தவனுக்கே தெரியாமல் என்ன நடந்துவிடும் என்று கேட்டேன். படைத்தவருக்குத் தெரியாமல்தான் ஏதேன் தோட்டத்திலேயே நடந்ததா என்று திருப்பிக் கேட்டாள். நான் அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

5

அழகுபாண்டி ஷெரினின் ஆபீசுக்கு வந்தான்.

(இந்த ஷெரின் கதை ஷெரின். நிஜ ஷெரின் இதைப் படித்துவிட்டு, எங்கள் ஆபீசில் யாரையும் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள் மாமா என்றாள். கதைக்குள் விட்டுவிட்டார்கள். வாட்ச்மேனுக்கு முட்டை கொடுத்திருப்பான்.)

தன் ரோட்டுக்கு ஏன் தார் வரவில்லை என்று அவன் கேட்டான். அவள் திரையைக் காட்டினாள். மதுரையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ரோடுகள் கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் வெற்றிலைக் கொடி மாதிரி பச்சையாக ஓடியது.

"யாரு தாயி இந்த வேலையப் பாத்தது?" என்றான்.

"நீங்கதாண்ணே."

விளங்க வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவன் முகத்தில் முதலில் பெருமை வந்தது. மாவட்டத்திலேயே முதல் இடம் என்றால் சும்மாவா? பிறகுதான் முனீஸ்வரி ஞாபகம் வந்து முகம் சுருங்கியது. ஷெரின் ஒரே வழிதான் சொன்னாள்: ஒரு வாரத்துக்கு எல்லாப் பள்ளத்திலும் விட்டு ஓட்ட வேண்டும்.

"விழுகுறதுதான? அம்புட்டுத்தான?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

6

அம்புட்டுத்தான் இல்லை.

அவனால் விழ முடியவில்லை. மறுநாள் முதல் பள்ளத்தைப் பார்த்து நேராகத்தான் விட்டான். கை ஒடித்துவிட்டது. இரண்டாவது பள்ளத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். பிடித்த பிடியிலேயே ஒடித்துவிட்டது. ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினான். திறந்து பார்த்தால் மூன்று பள்ளத்தைத் தாண்டிப் பத்திரமாக நிற்கிறான். முட்டையை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தான். வெறும் வண்டிக்கும் கை அதே மரியாதையைக் கொடுத்தது.

அன்றைக்கு வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். [வார்த்தை நீக்கப்பட்டது. பசுமலை வாசகர்கள் படிப்பார்கள்.]

நானும் மேசையில் உட்கார்ந்து திட்டினேன். என் கதாநாயகனை நானே பள்ளத்தில் தள்ள முடியவில்லை என்றால் நான் என்ன எழுத்தாளன்? "அழகுபாண்டியின் வண்டி பள்ளத்தில் விழுந்தது" என்று எழுதினேன். பேனா 'விழுந்தது' வரைக்கும் போனது. படித்துப் பார்த்தால் பொய் என்று எனக்கே தெரிந்தது. அடித்துவிட்டேன்.

7

வழி கண்டுபிடித்தது முனீஸ்வரி. இதை நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக.

அவன் விழ முடியாமல் தவிக்கும் கதை கடைக்காரர் மூலம் அவள் காதுக்குப் போயிருக்கிறது. விடிந்ததும் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, ரோட்டில் இறங்காமல் வரப்பு வழியாகவே நடந்தாள். ஒவ்வொரு பழத்தையும் இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, அவன் வழக்கமாகச் சக்கரம் ஏற்றும் அந்த ஒரு முழ நல்ல தாரில் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். யாருக்கோ கழித்த திருஷ்டியை முச்சந்தியில் போட்டிருந்தால், அதை மிதிக்கிறவனுக்கு அது வந்து ஒட்டிக்கொள்ளும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆகிறது. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் நானும் விலகித்தான் நடப்பேன். எங்கள் போதகரே சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அழகுபாண்டி வந்தான். பள்ளத்தைக் கண்டு கை நல்ல தாருக்கு ஒடித்தது. நல்ல தாரில் பழம். கை ஒரு நொடி திகைத்தது, பிறகு பள்ளமே மேல் என்று முடிவு செய்தது.

தடால்.

அடுத்த பள்ளம், அடுத்த பழம், தடால். வண்டி போன பாதையெல்லாம் மஞ்சள் கரு ஒழுகியது. மாமியார் ஊருக்கு வந்து நின்றபோது முட்டை என்று சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. இறங்கியவன் தலையிலிருந்து கால் வரை வெள்ளைக்கரு வடிந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வாசலில் நின்ற முனீஸ்வரியைப் பார்த்து, ரோடு வந்துரும் என்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

8

முடிவு ஒன்று: கம்ப்யூட்டர் அந்த ரோட்டுக்குச் சிவப்பு அடித்தது, தார் வந்தது, முனீஸ்வரி வந்தாள், சுபம்.

இதை நிஜ ஷெரினிடம் காட்டினேன். நடக்காது மாமா என்றாள். அந்த ரோடு நல்ல ரோடு என்று கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும். நல்ல ரோட்டில் ஒரு வண்டி திடீரென்று இந்த ஆட்டம் ஆடினால், ரோட்டைச் சந்தேகப்படாது. டிரைவரைத்தான் சந்தேகப்படும்.

ஆகவே திருத்தி எழுதினேன். அன்று மாலை அழகுபாண்டியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: 'தங்கள் ஓட்டும் தரம் குறைந்துள்ளது. போதிய ஓய்வு எடுத்து, நிதானத்துடன் வாகனத்தை இயக்கவும்.'

குடோன்காரர் கூப்பிட்டு, குடித்தாயா என்று வாயை ஊதிக் காட்டச் சொன்னார். பாவம், ஊதினான். முட்டை நாற்றம் அடித்தது.

இன்னொரு வண்டி சாட்சி சொன்னால் கம்ப்யூட்டர் நம்பும் என்றாள் ஷெரின். பெட்டி உள்ள வண்டி வேண்டும். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அற்புதமேரியும் பார்த்தாள். வாசலில் என் புதுக் கார் நின்றது.

9

எழுதுகிறவன் கதைக்குள் போகக் கூடாது என்று சட்டமில்லை. போகிற ரோடுதான் சரியில்லை.

நான் ஓட்ட, அற்புதமேரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாடிப்பட்டியில் திரும்பியதும் முதல் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை வெட்டியவன் நானே, மூன்றாம் பகுதியில். மனசைக் கல்லாக்கிக்கொண்டு நேராக விட்டேன்.

கை ஒடித்துவிட்டது.

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? என் வாழ்நாளில் வாங்கிய ஒரே கார். சீட்டில் ஒட்டிய பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அற்புதமேரி என்னைப் பார்த்த பார்வையில், அழகுபாண்டியைத் திட்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்ததில் விடுகிறேன் என்றேன். கடைசி ஊர் வரை அடுத்தது, அடுத்தது என்றே சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கம்ப்யூட்டருக்கு இப்போது இரண்டு வண்டி சாட்சி, ரோடு பிரமாதம் என்று.

முனீஸ்வரி வாசலில் நின்றாள். நான் நினைத்ததைவிட உயரம். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதான சார் எழுதுறது? ரோட்டப் போட்டுட்டுப் போங்களேன். ஒங்களுக்கு ஒரு வரிதான?"

நியாயம்தான். அங்கேயே காரின் மேல் தாளை வைத்து எழுதினேன்: "மறுநாள் காலை தார் லாரி வந்தது." அற்புதமேரி எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மறுநாளேவா, அதுவும் காலையிலா, இதை யாரும்மா நம்புவா என்று முனீஸ்வரியிடம் கேட்டாள். முனீஸ்வரியும் சிரித்தாள். நான் அந்த வரியை அடித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அற்புதமேரி அவளைத் தள்ளி நிறுத்தி, அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டாள். நான் கார் கண்ணாடியைத் துடைப்பது போல் நின்று கேட்டேன்.

"வண்டி சாஞ்சதும் ஓடி வந்தாரும்மா. வந்து முட்ட அட்டையத் தூக்குனாரு. ஒண்ணொண்ணா எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாரு. நான் பள்ளத்துக்குள்ள உக்காந்து அதப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அற்புதமேரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"கோவத்துல ரோட்டப் போட்டாத்தான் வருவேன்னு சொல்லிட்டேன். அன்னைல இருந்து அந்த ஆளு ரோட்டப் பத்தியேதான் பேசுது. ரோடு கெடக்கும்மா, நம்ம பக்கம் எந்த ரோடு நல்லாருக்கு? முட்ட ஒடஞ்சாலாச்சும் என்னயப் பாப்பாருன்னுதான் பழத்த வச்சேன். அன்னைக்கு அம்புட்டு முட்டையும் ஒடச்சுக்கிட்டு வந்து நின்னாருல்ல, அப்பக்கூட ஏறு, போவோம்னு ஒரு வார்த்த வரல. வந்திருந்தா அந்தக் கவுச்சி வண்டிலயே ஏறிருப்பேன்."

உடனே பேனாவைத் திறந்தேன். ஒரு வார்த்தைதானே, அவன் வாயில் நான் வைத்துவிடுகிறேன் என்றேன். அற்புதமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதையும் நீங்க எழுதிக் குடுத்தா, அவன் கூப்பிட்டதா ஆகுமாங்க?"

மூடி வைத்தேன்.

திரும்பும்போது எதிரே முட்டை வண்டி வந்தது. புது லோடு, அதே ஆமை வேகம். அவன் எனக்கு ஒதுங்க, நான் அவனுக்கு ஒதுங்க, இரண்டு பேரும் ஒரு பள்ளத்திலும் இறங்காமல் ஒருவரை ஒருவர் தாண்டினோம். ஜன்னல் பக்கம் வந்ததும் தலையை நீட்டிக் கேட்டான்.

"சார், ரோடு எப்ப சார் போடுவாய்ங்க?"

அவள் சொன்னது என் நாக்கு நுனி வரை வந்தது. அற்புதமேரி என் தொடையில் கிள்ளினாள். தெரியலப்பா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

10

ஆகவே நான் இதை இங்கே நிறுத்துகிறேன். என்னைக் கிள்ள ஆள் இருக்கிறது, உங்களை யாரும் கிள்ளப்போவதில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் போனால் அந்த ரோட்டில் ஒரு முட்டை வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். முந்த முடியாது, பின்னாலேயேதான் போக வேண்டும். உங்கள் வண்டியில் பெட்டி இருந்தால் நடுவில் ஒரே ஒரு பள்ளத்தில் சக்கரத்தை விடுங்கள். அது ஊருக்காக. முடியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் முடியவில்லை.

மற்றது முக்கியம். கடைசிக் கடையில் அவன் அட்டையை இறக்கும்போது பக்கத்தில் போய், தம்பி, அந்தப் பிள்ளை ரோட்டுக்காக நிற்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். நான் சொன்னதாகவும் சொல்ல வேண்டாம், இந்தப் பகுதியை அற்புதமேரிக்குக் காட்டவில்லை, தெரிந்தால் எனக்கு ராத்திரிச் சோறு கிடையாது. ஆனால் கொஞ்சம் சீக்கிரம் போங்கள். நாங்கள் போயிருந்தபோது அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், அவன் வண்டியில் ஏறத் தயாராகப் பை கட்டி வைத்திருக்கிறாள்.